சவுந்தரநாயகத்தின் ஏசிக் கார்

என் ஒன்றுவிட்ட தங்கை மெற்றில்டாவைக் கட்டிய சவுந்தரநாயகம் கொட்டாஞ்சேனையில் கலியாணக் கார் ஓட்டுகிறவர். காருக்கும் அவருக்கும் வயதாகிவிட்டது. கார் மட்டும்தான் அதை ஒத்துக்கொண்டது. ஏசி நின்றதும் பொம்பிளை வீட்டார் வேறு கார் பிடிக்கத் தொடங்கினார்கள். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

ஏசிக்குப் பழைய காஸ் இனிக் கிடைக்காது, புதுக் காஸுக்கு மாற்றவேண்டும் என்றான் கராஜ் றேமண்ட்.

"காஸை மட்டும் அடிச்சாச் சரிவராது அண்ணே. பழைய எண்ணெயை வடிக்கோணும், ரப்பர் வளையங்களை மாத்தோணும்."

"எல்லாத்தையும் மாத்து. என்னை மட்டும் விடு."

"அதையும் மாத்தினா நல்லம்," என்றாள் மெற்றில்டா.

குளிர் வந்தது. மனுஷன் அதைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பொத்திக் காத்தார். கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலும் முறைப்பு.

அதற்குப் பிறகு கிடைத்த முதல் ஹயர் ஓட்டம் என் அக்கா மகள் ஐறீனின் கலியாணம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை மாதா கோயிலுக்குப் போகவேண்டும். நானும் பின்சீற்றில் இருந்தேன். சண்டைக் காலம். கொள்ளுப்பிட்டிச் செக்பொயின்றில் ஆமிக்காரன் கண்ணாடியைத் தட்டி, இறக்கச் சொன்னான். ஊரில் எல்லோரும் முழுதாக இறக்குவார்கள். இவர் இரண்டு விரல் அளவு இறக்கி, அந்த இடுக்கால் அடையாள அட்டையை நீட்டினார், தபால் போடுகிற மாதிரி.

"மஹத்தயா, ஏசி," என்று சிங்கள மரியாதையோடு சிரிப்பு வேறு.

அட்டையில் தமிழ்ப் பெயர், காரில் மூடிய கண்ணாடி. சும்மா விடுவானா? எல்லோரையும் இறக்கினான். ஐறீன் தலையில் கலியாண நெற் முக்காட்டோடு நடுறோட்டு வெயிலில் நின்றாள். பூச்செண்டைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள்.

திரும்ப ஏறியதும் அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை அடிமட்டும் இறக்கினாள்.

"பிள்ளை, குளிர் போகுது."

"போகட்டும் சித்தப்பா. பாதர் போயிட்டா என்னை ஆர் கட்டிவைக்கிறது?"

நானும் என் பக்கத்தை இறக்கினேன். மற்றச் செக்பொயின்றுகளில் ஒருவரும் மறிக்கவில்லை. பாதரும் போகவில்லை.

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் மாமி, கலியாண வயதில் மகள் இருப்பவள், காரைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏசிக் கார் எண்டல்லோ சொன்னவை?"

சவுந்தரநாயகம் நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"ஓம் அக்கா. குளிர் தாங்கேலாமப் பிள்ளைதான் கண்ணாடியை இறக்கினது."

பவுடர் கரைந்து கழுத்தால் வழிய, ஐறீன் என்னைப் பார்த்தாள். நான் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன்.

"அப்ப என்ர மகளுக்கும் இதையே பிடிப்பம்," என்றாள் மாமி. "ஆனா அவளுக்குக் குளிர் பட்டாத் தடிமன் வாறது. கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து விடுவீங்களோ?"

"கொஞ்சமென்ன அக்கா," என்றார் அவர். "முழுசாத் திறப்பம்."