எழுந்து ஓடிய பிணம்

மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாடை எங்கே அடித்தாலும் என் கை தானாக ஸ்பிரிட் புட்டியைத் தேடும். பூஞ்சை பிடித்த கேசட்டின் வாடை அது. பிரிக்பீல்ட்ஸ் கடைமாடியில் பழைய வீடியோ டேப்புகளைக் கணினிக்கு மாற்றித் தருவது என் தொழில். கல்யாண டேப்புகள் சோறு போட்டன. குங்ஃபூ டேப்புகள் ருசி போட்டன.

ஒரு சனிக்கிழமை, பெட்டாலிங் ஜெயாவிலிருந்து டேவிட் ஒரு கேசட்டோடு வந்தார். பழைய குங்ஃபூ படம் சேர்ப்பவர். பெயர் தெரியாத கம்பெனி, பெயர் தெரியாத நாயகன்.

"செத்தவன் ஒருத்தன் எழுந்து ஓடுவான் அண்ணே. மத்த காப்பியில எல்லாம் வெட்டிட்டாங்க. இதுல மட்டும்தான் இருக்கு. எத்தனை பாசார் மாலாம், ராத்திரிச் சந்தையா அலைஞ்சிருப்பேன்!"

நல்ல படம் எல்லோரிடமும் இருக்கும். இவர்களுக்கு வேண்டியது சொதப்பல்.

அப்போதுதான் கிள்ளான் மாணிக்கம் அங்கிள், மகளின் கல்யாண டேப்பை வாங்க மனைவியோடு படியேறி வந்தார். மேசையில் கிடந்த கேசட் அட்டையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதுல நான் சண்டை போட்டிருக்கேன். நடிச்சதோட சரி, படத்தைப் பார்த்ததே இல்ல."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே கதை" என்றார் ஆன்டி. "பல்பு மாத்தவே பக்கத்து வீட்டுக்காரர கூப்பிடுவாரு. இவரு சண்டையாம்!"

"போடுங்க தம்பி. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடட்டும்" என்றார் அங்கிள்.

பூஞ்சை டேப் மறுமுறை ஓடும் என்று நம்பக் கூடாது. வீடியோ பிளேயரின் ஹெட்டைத் துடைத்து, பதிவை முடுக்கிவிட்டுப் போட்டேன்.

செம்பனைத் தோட்டம். ஜெஞ்சாரோம் பக்கம் என்றார் அங்கிள். நாயகன் விட்ட உதையில் மீசைக்காரர் ஒருவர் பறந்து விழுந்தார்.

"நான்தான்!"

ஆன்டி திரையை ஒட்டி நின்று பார்த்தார். "மீசை வச்ச ஆளு ஊருக்கு ஆயிரம்."

திரையில் வில்லன் வசனம் பேச, அவன் முதுகுக்குப் பின்னால், உதை வாங்கிச் செத்துக் கிடந்த மீசைக்காரப் பிணம் துள்ளி எழுந்தது. தொடையைத் தட்டியபடி, முழங்காலை அகட்டி அகட்டி ஓடியது.

"அண்ணே, இவருதான்! இவருதான் அது!" டேவிட் கத்தினார்.

அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். ஆன்டியோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அய்யோ, இவரேதாங்க! பஸ்ஸுக்கு ஓடுறப்ப தினமும் பார்க்குற ஓட்டம். எனக்குத் தெரியாதா?"

உதையில் கிடைக்காத சாட்சி சொதப்பலில் கிடைத்தது. அன்றோடு ஒன்று கற்றேன்: டேப்பைத் துடைக்கலாம், படத்தைத் திருத்தக் கூடாது.

டேவிட் கேசட் அட்டையை நீட்டிக் கையெழுத்து கேட்டார். அங்கிள் நிதானமாக, முழுப்பெயரும் எழுதினார். படியிறங்கும்போது டேவிட் விடவில்லை.

"ஏன் அங்கிள் எழுந்து ஓடுனீங்க?"

"செவ்வெறும்பு லா, பாஸ். நீங்களா இருந்தா செத்தே கிடப்பீங்களா?"