அப்பா மோட்டாரோட எஞ்சின் நம்பர்

அப்பாவோட பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள்ல இருக்கிறது அசல் எஞ்சின் இல்ல, யாரோ மாத்திட்டாங்கன்னு மச்சான் சொல்லிட்டான். மூணு நாளா அப்பா அவன்கூட பேசல. எஞ்சின் நம்பரை வச்சு வருசத்தைக் கண்டுபிடிச்சா சண்டை தீரும்லா?

காலையில மண்ணெண்ணெய் ஊத்தி, பழைய டூத்பிரஷ்ல ஒரு மணி நேரம் தேய்ச்சேன். நம்பர் தெரிஞ்சுது. படம் எடுத்துக்கிட்டு பாடாங் செராய் வொர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

"அண்ணே, இது எந்த வருசத்து எஞ்சின்?"

போர்மன் அண்ணன் கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு எண்ணா உள்ளங்கையில எழுதினார். புக்கைப் பார்த்துச் சொல்லப் போறார்னு நினைச்சேன்.

போனை எடுத்து யாருக்கோ அடிச்சார். "தம்பி, பட்டர்வொர்த்துல தானே இருக்க? நம்ம பக்கம்தான் நம்பர் கடையை மூடிட்டானுங்களே. இந்தக் கடைசி நாலு எண்ணுக்கு லாட்டரி எடுத்துடு."

"அண்ணே, வருசம்?"

"அவசரப்படாதலா. ஃபிரேம் நம்பரையும் சுரண்டிப் படம் அனுப்பு."

அப்பாடா, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போறார்! வீட்டுக்கு ஓடினேன், சுரண்டினேன், அனுப்பினேன்.

உடனே பதில் வந்துச்சு: "நன்றி தம்பி. இந்த நம்பரை நாளைக்கு எடுக்கறேன்."

வருசம் பார்க்கத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. நம்பரை இங்க போடமாட்டேன். உங்களையும் எனக்குத் தெரியும்லா.