மனித யுகம் அடைத்திருந்த குழாய்

கொடைக்கானலில் கைடாக இருக்க ஊர் தெரிந்தால் போதும். ஊரைப் பற்றிப் படித்தும் தொலைத்தால் என்ன ஆகும் என்பது என்னைப் போல் இடம் காட்டிப் பிழைக்கும் சகபாவிகளுக்குத் தெரியும்.

ஏரிக்கரையில்

ஒரு புதுமணத் தம்பதி ஏரியைப் பார்த்து, "என்ன ஒரு இயற்கை" என்று உருகினார்கள். ஓடையை மறித்து வெள்ளைக்காரர்கள் உண்டாக்கிய ஏரி இது, பைன் காடு ஆள் வைத்து நட்டது, யூகலிப்டஸ் கப்பலில் வந்தது என்று திருத்தினேன். மாப்பிள்ளை டிரைவர் முருகேசனைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணே, பேசாத கைடு யாராச்சும் இருந்தா மாத்திக் குடுங்க."

ஜீப்பில்

இந்த வியாதி பிடித்தவனுக்கென்றே இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். மனிதன் பூமியை மாற்றிய மாற்றத்துக்கு ஒரு தனி யுகமே ஒதுக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. அது எப்போது தொடங்கியது என்பதில்தான் தகராறு. நிலவியல்காரர், அணுகுண்டு வெடித்த பிறகு என்றார். வரலாற்றுக்காரர், முதல் காட்டை வெட்டி விதைத்த அன்றைக்கே என்றார். நான் இரண்டு பக்கமும் மேற்கோள் எடுத்துக் கொடுத்தேன். பூண்டி கிராமத்துக்கு முந்தின வளைவில் முருகேசன் வண்டியை நிறுத்தினான்.

"மூணு பேரும் எறங்கி ஒரு முடிவு பண்ணிட்டு ஏறுங்க சார். எனக்கு ரோட்டைப் பாக்குற சோலி இருக்கு."

சதுப்பில்

அந்த ஊரில் பூண்டு பயிரிடும் பேச்சியம்மாளின் காட்டை ஒட்டிய சதுப்பில், நீளமான பிளாஸ்டிக் குழாயை இறக்கிச் சேற்றை அப்படியே உருவி எடுத்தார் நிலவியல்காரர். எந்த அடுக்கில் மனிதனின் கைவரிசை தொடங்குகிறது என்று அது சொல்லிவிடும். தோண்ட அனுமதி அன்று ஒரு நாளுக்குத்தான். அடுக்கு கலையாமல் சென்னை ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்தால் அவர் கட்சி ஜெயிக்கும். பேச்சியம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"பூண்டு வெளையுற மண்ணு இங்கன கெடக்கு, ஒண்ணும் வெளையாத சேத்தைப் போயி தோண்டுறீங்களே சார்?"

ஓடையில்

குழாயை ஓடைக்கரையில் கேரட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பத்திரமாகக் கிடத்திவிட்டு டீ குடிக்கப் போனோம். லாரி ஏறுமுன் கேரட்டைக் கழுவும் இடம் அது. அங்கே சேறோடு கிடப்பது எதுவானாலும் கழுவுவதற்குத்தான். திரும்பி வந்தபோது குழாய் பளபளவென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நிலவியல்காரர் கேரட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். வரலாற்றுக்காரர் அவர் தோளைத் தொட்டு, "மனுஷக் கை பட்டதுக்கு இதைவிட ஆதாரம் வேணுமா சார்?" என்றார். பேச்சியம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா அடைச்சுக் கெடந்துச்சுங்க. இனிமே தண்ணி வெரசா போகும்."

மனித யுகம் எங்கே தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் அந்த ஓடையைக் காட்டி, மலைக்குக் கீழே எங்காவது விசாரிக்கச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.