இராமரின் காக்கிப் பை

குப்பாயிக்குப் பிள்ளைகள் ஐந்து. நாலு பேர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். மூத்தவர் இராமர் மட்டும் எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்கு இறங்கி, பாமன்கடையில் நமசிவாயம் டொக்டரின் மிருக வைத்தியசாலையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தார். குப்பாயியின் புருஷன் தோட்டத்துத் துரையின் வேட்டை நாய்களைப் பார்த்த ஆள். தகப்பனின் கை மகனுக்கும் வந்திருந்தது. கடிக்கிற நாயும் இராமர் பிடித்தால் பேசாமல் நிற்கும். இரண்டு வருடத்தில் டொக்டர் அவரைக் கட்டுப் போடவும் தையல் போடவும் விட்டுவிட்டார்.

ஹெந்தளைச் செபஸ்தியனோடு பழக்கமானது அங்கேதான். செபஸ்தியனிடம் ஐந்து வேட்டை நாய்கள் இருந்தன. யுத்த காலத்தில் அவர் தன் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு, நாயையும் ஈட்டியையும் நம்பியே பன்றி வேட்டைக்குப் போனார். துவக்கு இல்லாத வேட்டையில் நாய்தான் பன்றியோடு மோதவேண்டும். கிழிபடாமல் வருவது அபூர்வம். அதனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இராமரும் காக்கிப் பையோடு அவருடைய வேனில் ஏறுவார்.

பைக்குள் அவித்துக் காயவைத்த வெள்ளைத் துணி இருக்கும். பஞ்சு, ஸ்பிரிட் போத்தலில் போட்ட ஊசி நூல், கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர், நோவில் கடிக்காதபடி வாயைக் கட்ட ஒரு நாடா. வயிறு கிழிந்து குடல் வெளியே வந்தால் கையால் உள்ளே தள்ளக் கூடாது. உப்புத் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் சுற்றி, அப்படியே டொக்டரிடம் கொண்டு ஓடவேண்டும். ரோசி என்ற செந்நிறப் பெட்டை நாயை ஒருமுறை அப்படித்தான் இராமர் பிழைக்க வைத்தார். அன்றிலிருந்து வேனில் முன் சீட்டு அவருக்குத்தான்.

"பைய இங்கயே வச்சிட்டுப் போ இராமர். என்னத்துக்கு ஒவ்வொரு முறையும் பஸ்ஸில சுமக்கிறாய்?" என்று செபஸ்தியன் பலமுறை கேட்டிருக்கிறார்.

"இல்லண்ணே, நானே கொண்டாறேன்."

பை ஹெந்தளையில் இருந்துவிட்டால், தன்னை எதற்குக் கூப்பிடுவார்கள் என்று இராமருக்கு உள்ளுக்குள் ஒரு எண்ணம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூற்றாறில் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு செக் பொயின்ட்கள் இறுகின. இராமரின் மனைவி மயிலம்மாவுக்கு ஒரே தம்பி, சின்னராசா. கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. ஒரு பெட்டி பண்டேஜோடு ஹெந்தளைக்குப் போகும் வழியிலுள்ள களனிப் பாலத்தடியில் பிடிபட்டு, இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். புலிக்கா, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

அடுத்த ஞாயிறு வேட்டை. பையைத் தோளில் போட்ட இராமரை மயிலம்மா மறித்தாள்.

"நாய்க்குன்னு சொன்னா நம்புவானா? மனுசனுக்கே மருந்து கெடைக்கல, நாய்க்கு மருந்தான்னு சிரிப்பான். சிரிச்சிக்கிட்டே ஜீப்புல ஏத்துவான்."

"நீ சும்மா இரு புள்ள."

அப்படிச் சொன்னவர், அவள் அடுப்படிக்குப் போனதும், துணியையும் பஞ்சையும் போத்தல்களையும் எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தார். பை தொய்ந்து கிடந்தது. காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய ஒரு இறாத்தல் பாணும் வாழைப்பழச் சீப்பும் வைத்து அதை நிரப்பினார்.

பாலத்தடியில் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்த சிப்பாய், "யன்ன, யன்ன" என்று சாரதியைப் போகச்சொல்லிக் கையைக் காட்டிவிட்டான். ஒரு பையைக்கூடத் தொடவில்லை.

ஹெந்தளையில் செபஸ்தியனின் மனைவி நேசமலர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். செபஸ்தியன் நாய்களை வேனில் ஏற்றினார்.

"பை இருக்குத்தானே?"

"இருக்குண்ணே."

குருநாகல் பக்கத்துத் தென்னந்தோட்டம். மரவள்ளிப் பாத்தியைக் கிண்டிய பன்றியை நாய்கள் பற்றைக்குள் மறிக்க, செபஸ்தியன் ஈட்டியோடு பாய்ந்தார். இரண்டு உறுமல், ஒரு ஊளை. இராமர் ஓடிப்போனபோது ரோசி தன் குடலைத் தானே நக்கிக்கொண்டு நின்றது.

"பையத் திற, கெதியா" என்றார் செபஸ்தியன்.

இராமர் திறந்தார். பாணைக் கண்ட செபஸ்தியன் அவர் முகத்தைப் பார்த்தார்.

"சாமான் எங்க?"

"மறந்துட்டேண்ணே."

செபஸ்தியன் தன் இடுப்புச் சாரத்தை உரிந்து கொடுத்தார். அடியெல்லாம் சேறும் பன்றி இரத்தமும். இளநீர் வெட்டி அதை நனைத்து, அதாலேயே வயிற்றைச் சுற்றினார் இராமர். வாய் கட்ட நாடா இல்லை. ஆனாலும் ரோசி அவரைக் கடிக்கவில்லை. பாமன்கடைக்கு வரும்வரை அதன் தலை அவருடைய மடியில் கிடந்தது.

டொக்டர் அன்றே தைத்தார். புதன்கிழமை காய்ச்சல் ஏறி ரோசி செத்துப்போனது.

"குடல் கிழியேல்லை இராமர்" என்றார் டொக்டர். "ஊத்தைதான் உள்ளுக்குப் போயிருக்கு. சுத்தமான துணியெண்டால் தப்பியிருக்கும்."

இராமர் மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மூன்று மாதம் வேட்டைக்கு அழைப்பு வரவில்லை. ஒரு நாள் தானாகவே ஹெந்தளைக்குப் போய், மறக்கவில்லை, பயத்தில் எடுத்து வைத்தேன் என்று உள்ளதைச் சொன்னார். செபஸ்தியன் மீன் வலையில் கிழிசல் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பயந்தது பிழையில்ல. இந்தக் காலத்தில நானும் பயந்தவன்தான். வேனில ஏற முன்னம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நேசமலர்ட வெள்ளைச் சீலையில ஒண்ட அவிச்சு எடுத்திட்டுப் போக அரை மணித்தியாலம் போதும்."

சொல்லியிருந்தால் வெறும் பையோடு வந்தவன் என்று தெரிந்திருக்கும். அந்த அரை மணி நேர வெட்கத்துக்காகத்தான் இராமர் வாயை மூடிக்கொண்டு போனார்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குட்டி ஓடி வந்தது. ரோசியின் கடைசி ஈற்றுக் குட்டி. இராமர் குந்தியிருந்து, உண்ணி இருக்கிறதா என்று பார்க்க அதன் காதை மடித்தார். செபஸ்தியன் விசிலடித்தார். குட்டி அவரிடம் போனது. அவர் அதைத் தூக்கி உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடியும் வலையைக் கையில் எடுத்தார்.