முனிரத்தினம் பெயர் ஒட்டிய கம்ப்யூட்டர்

போன செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி வேனில் முனிரத்தினம் அண்ணனின் பக்கத்து சீட் காலியாக வந்தது.

இதில் என்ன செய்தி என்கிறீர்களா? வேன் கடம்பத்தூரில் கிளம்பும்போதே அந்த சீட்டில் கஜேந்திரன் அண்ணன் உட்கார்ந்துவிடுவார். இருவரும் ஒரே தெரு. முனிரத்தினம் எங்கள் டைம் ஆபீஸ் கிளார்க். கஜேந்திரன், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். மணவாள நகரில் நான் ஏறும்போது தொடங்கியிருக்கும் வாக்குவாதம் கும்மிடிப்பூண்டி கேட் வரைக்கும் ஓயாது.

அன்று கஜேந்திரன் கடைசி சீட்டில். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி...

"என்னண்ணா, ரெண்டு பேரும் டூ விட்டுட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

முனிரத்தினம் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மெமோ. தொழிலாளர்களின் மருத்துவப் பரிசோதனை விவரங்களை அனுமதியின்றிப் பார்த்து வெளியிட்டதற்காக உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது? மூன்று நாளில் பதில் தர வேண்டும்.

"அந்த மெடிக்கல் பேஜ் எங்க கீதுன்னே எனக்குத் தெரியாதும்மா. இவன்கிட்ட சொன்னா நம்ப மாட்டேன்றான்."

பின்னாலிருந்து கஜேந்திரனின் குரல் வந்தது. "இன்னாத்த நம்பறது? கம்ப்யூட்டரே உன் பேரைச் சொல்லுது. எனக்குக் காதுதான் மந்தம் நைனா, கண்ணு நல்லாத்தான் தெரியுது!"



விஷயம் இதுதான். அதற்கு முந்தைய வாரம் கேன்டீன் வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ சுற்றியது. கஜேந்திரனின் காது பரிசோதனை முடிவு — யாரோ கம்ப்யூட்டர் திரையை அப்படியே படம் பிடித்திருந்தார்கள். மறுநாள் சாப்பாட்டு வரிசையில் ஒருவன், "கஜாவுக்கு மைக் செட் போட்டுக் கூப்புடுங்கப்பா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கஜேந்திரன் வீட்டில்கூட சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. அடுத்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும். காது கேட்காத ஆபரேட்டரை எந்தக் கான்ட்ராக்டர் வைத்துக்கொள்வார்?

"யாரு திறந்து பார்த்தாங்கன்னு லாக் எடும்மா" என்றார் எச்.ஆர். மேனேஜர். கம்ப்யூட்டர் பிரிவு நான்தானே? பத்தே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். அத்தனை வரியிலும் ஒரே கம்ப்யூட்டர் முகவரி. அது யாருடைய கம்ப்யூட்டர் என்று ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்ப்பது அவர் வேலை. நான் என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓடிவிட்டேன்.

பெரியபாளையம் தாண்டியதும்தான் எனக்கு உறைத்தது. லாக்கில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் முனிரத்தினத்தின் மேஜையிலேயே இல்லை. சர்வர் அறையில் இருக்கிறது. வைத்தது யார்? நான்!

மூன்று மாதம் முன்பு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மருத்துவ விவரங்களும் இருக்கும் எங்கள் உள் வலைத்தளம் திணறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு இடையாளை நிறுத்தினேன். கேஷிங் பிராக்ஸி என்று பெயர். எல்லோரும் கேட்கும் பக்கங்களுக்கு நகல் வைத்துக்கொண்டு தானே கொடுத்துவிடும். கையில் இல்லாததை மட்டும், நமக்காக உள்ளே சர்வரிடம் போய்க் கேட்டு வாங்கி வரும். புது மெஷின் கேட்டால் கிடைக்குமா? முனிரத்தினத்துக்கு அப்போதுதான் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பழையதைத் தூக்கிவந்து பிராக்ஸி ஆக்கினேன். ஸ்டிக்கரில் அவர் பெயர் அப்படியே. ரிஜிஸ்டரிலும் அப்படியே.

மறுநாளே முதலுதவி அறை நர்ஸ் போன் செய்தார். "மெடிக்கல் பேஜ் தொறக்க மாட்டேங்குதே!"

திறக்காதுதான். அந்தப் பக்கத்தை நகல் எடுக்கக்கூடாது என்று பிராக்ஸிக்குச் சொல்லியிருந்தேன், அந்த மட்டும் புத்தி இருந்தது. ஆனால், நர்ஸ், எச்.ஆர். கம்ப்யூட்டர் முகவரிகளை மட்டும் உள்ளே விடு என்று சர்வரில் போட்டிருந்த பூட்டை மறந்துவிட்டேன். இப்போது சர்வருக்குத் தெரிவது ஒரே முகம் — இடையாளின் முகம். வருகிறவர் யாரானாலும் கேட் செக்யூரிட்டி தன் பெயரையே ரிஜிஸ்டரில் எழுதி அனுப்பினால் எப்படி இருக்கும்? அப்படி.

பூட்டைப் பிராக்ஸிக்கு மாற்றியிருக்க வேண்டும். வந்தவரின் நிஜ முகவரி அங்கேதான் தெரியும். அரை நாள் வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அனுமதிப் பட்டியலில் பிராக்ஸியின் முகவரியையும் சேர்த்தேன். ஒரே வரி. நர்ஸுக்குத் திறந்தது. கூடவே தொழிற்சாலையில் இருக்கிற எல்லோருக்கும் திறந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிஜமாக யார் வந்தார்கள் என்று பிராக்ஸி தானே எழுதி வைக்கும். பழைய மெஷின், டிஸ்கில் இடம் அடைக்கிறது என்று அந்தப் பதிவையும் அணைத்து வைத்திருந்தேன்.

கேட்டில் இறங்கியதும் நேரே எச்.ஆர். அறைக்குப் போனேன்.

"சார், அந்தப் பக்கத்தை உங்க கம்ப்யூட்டர்ல ஒரு தடவை திறங்க."

திறந்தார். லாக்கைக் காட்டினேன். அதே முகவரி.

"என்னம்மா இது... இந்தக் கணக்குப்படி நானும் முனிரத்தினமா?"

"ஆமா சார். இங்க யார் திறந்தாலும் முனிரத்தினம்தான். தப்பு என்னுது."

இன்னொரு தடவை திறந்து, தானே லாக்கைச் சரிபார்த்தார். பிறகு அந்த மெமோவை ரத்து செய்தார். மாலைக்குள் எனக்கு ஒன்று வந்தது. நியாயம்தானே? அதற்குள் பூட்டை மாற்றி, பதிவையும் திறந்துவிட்டிருந்தேன். அரை நாள்கூட ஆகவில்லை.

திரும்பும் வேனில், எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். கஜேந்திரன் தலையைச் சாய்த்து, கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டார்.

"அப்போ பாத்தது யாரு?"

"தெரியாதுண்ணா. இனிமே கண்டுபிடிக்கவும் முடியாது."

"நல்லா இருக்குதும்மா. இனிமே கேன்டீன்ல ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்துக்கினு துன்னணும் நான்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேன் கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் கஜேந்திரன் எழுந்தார். கம்பிகளைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்து முனிரத்தினத்தின் சீட் அருகே நின்றார்.

"இந்தாண்ட தள்ளி, எனக்கு வலது பக்கமா குந்து" என்றார். சத்தமாகத்தான் சொன்னார், வேன் முழுக்கக் கேட்டது. "எடது காது சுத்தமா கேக்கல எனக்கு."

முனிரத்தினம் ஜன்னலோரத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "இத்தினி வருசமா நான் பேசினதுல பாதி உனக்குக் கேக்கவே இல்லியாடா, பேமானி!"

கான்ட்ராக்ட் என்ன ஆகும் என்று இதை எழுதும்வரை தெரியாது.

அந்தப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து முனிரத்தினத்தின் ஸ்டிக்கரை உரித்துவிட்டேன். இப்போது அதில் ஒட்டியிருப்பது என் பெயர்.