பலகைக்குச் சவரம்

இடது கை பலகையை மடியோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை, உடைந்த ஜன்னல் கண்ணாடியின் சில்லு ஒன்றைச் சாய்த்துப் பிடித்துத் தன் பக்கமாக மெதுவாக இழுத்தது. காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு சுருள் எழுந்து விழுந்தது. அதன் கீழே நீலம். இன்னும் இழுத்தால் நீலத்தின் கீழே பச்சை. சாய்வு மாறாமல், அழுத்தம் கூடாமல், மரத்தின் ரேகை ஓடிய திசையிலேயே சில்லு போய்க்கொண்டிருந்தது. பச்சையும் போன பிறகு தெரிந்த மரம் கறுத்து, ஈரமாக இருந்தது. விரல் அதைத் தொட்டு மூக்குக்குப் போனது. தேங்காய் எண்ணெய்.

“டவுன்ல உள்ள அத்தனை மண்டை எண்ணெயும் இதுக்குள்ளதான் இருக்கு வே” என்றார் தாஜ் முகம்மது.

“எண்ணெய் மட்டுமா பாய்? நல்லா வடிச்சுப் பாரும், கொஞ்சம் மூளையும் கிடைக்கும்” என்றார் எதிரே குந்தியிருந்த மாரிக்கண்ணு.

திருநெல்வேலி டவுனில் சந்திப்பிள்ளையார் முக்குக்குப் பக்கத்துச் சந்தில் மாரிக்கண்ணு முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். பாலிஷ்காரர் தாஜ் முகம்மதுவின் மடியில் கிடந்தது அந்தக் கடை நாற்காலியின் தலைப்பலகை. கையும் காலும் முதுகுமாக நாற்காலியின் மற்ற உடம்பு, மேலப்பாளையத்தில் வாய்க்காலை ஒட்டிய அவருடைய தகரக் கொட்டகையின் நடுவில் நின்றது. நல்ல தேக்கு. கடைக்கு இருந்தது அது ஒன்றுதான். அது திரும்பி வரும்வரை டீக்கடையில் கேட்டு வாங்கிய முக்காலியில் ஆட்களை உட்காரவைத்துச் சவரம் நடந்துகொண்டிருந்தது.

“இந்தப் பச்சை எப்ப அடிச்சது?”

“அது எங்க மச்சான் வீட்டு ஜன்னலுக்கு அடிச்சு மிஞ்சுனது.”

“நீலம்?”

“அது எங்க வீட்டு ஜன்னல்.”

“மேல இருந்த காப்பிக்கொட்டை?”

“பெயிண்டர் ஒருத்தர் நம்ம வாடிக்கை. எங்கேயோ கேட்டுக்கு அடிச்சு மீந்தத அவரே கொண்டாந்து அடிச்சுட்டுப் போனாரு.”

“ஒரு தடவையாவது நாற்காலிக்குன்னு பெயிண்ட் வாங்கினீரா வே?”

“மிஞ்சினத வீணாக்கக் கூடாதுல்லா” என்றார் மாரிக்கண்ணு.

மிஞ்சியதை வீணாக்காததன் பலன் அந்த ஆனி மாதம்தான் தெரிந்தது. தொண்ணூற்று ஏழாம் ஆண்டு. எண்ணெயும் வேர்வையும் ஊறி, காப்பிக்கொட்டை எனாமல் இளகிப்போயிருந்தது. சாய்ந்து எழுந்தவர்களின் கழுத்தில் ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. எதிர்ச்சாரியில் சுழலும் நாற்காலியோடு புதிதாக ஒரு கடை வந்திருந்த நேரம் வேறு. அப்போதுதான் பாத்திரக்கடை ஞானசம்பந்தன் வந்து சொன்னார். அவருடைய மகன் குருபிரசாத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளைச் சவரம் வழக்கம்போல மாரிக்கண்ணு கடையில்தான் நடக்க வேண்டும். “ஆனா கழுத்துல கோட்டோட மணையில போய் உக்காந்தா பொண்ணு வீட்டுல என்ன சொல்லுவாவ? நாற்காலிய சரி பண்ணும் வே. இல்லேன்னா பையன் எதிர்த்த கடைக்குப் போறேன்னு நிக்கான். எனக்கும் அப்புறம் வேற வழியில்ல.”

மாப்பிள்ளை உட்காருகிற கடையில்தான் மாமனும் மச்சானும் சித்தப்பாவும் உட்காருவார்கள். அன்றைக்கு எதிர்ச்சாரிக்குப் போகிறவர்கள் பிறகு இந்தச் சாரிக்குத் திரும்ப மாட்டார்கள். மாரிக்கண்ணுவுக்கு அது தெரியும். கல்யாணம் வெள்ளிக்கிழமை. சவரம் வியாழன் காலை.

தாஜ் முகம்மதுவுக்கு இந்த வேலையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இளவயதில் பாளையங்கோட்டையில் ஒரு மரச்சாமான் கடைக்குச் சாமான் தூக்கப் போனவர் அவர். அங்கே பாலிஷ்காரர்கள் கலவை போடும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். கேட்டால், போய்க் கட்டிலைத் தூக்கு என்பார்கள். முதுகைப் பார்த்துப் பயனில்லை என்று அவர் பழைய சாமான்களைப் பார்க்கத் தொடங்கினார். சுரண்டினால், முன்னால் செய்தவன் எதன் மேல் எதைப் பூசினான், எங்கே அவசரப்பட்டான், எங்கே சோம்பினான் என்பது அடுக்கடுக்காகத் தெரியும். முதுகு காட்டியவர்கள் செய்த சாமான்களும் ஒரு நாள் சுரண்டுவதற்கு வந்து சேர்ந்தன. அவர்கள் மறைத்ததெல்லாம் பொடியாக அவர் மடியில் விழுந்தது.

அதனால் அவர் டப்பாவைத் திறப்பதற்கு முன் கேள்வி கேட்பார். யார் உட்காருகிறார்கள், வெயில் எந்தப் பக்கம், துடைப்பது ஈரத்துணியா, காய்ந்த துணியா?

“பெயிண்ட மரத்தப் பாத்து வாங்கக் கூடாது வே. மரத்து மேல என்ன விழப்போவுதுன்னு பாத்து வாங்கணும். சொல்லும், என்னெல்லாம் விழும்?”

“தண்ணி விழும். சோப்பு நுரை, முடி, எண்ணெய், படிகாரம், பவுடர். சில பேரு வெத்தலை போட்டுக்கிட்டே பேசுவாவ, அது விழும்.”

“அவ்வளவுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லும்.”

“மழை பெஞ்சா ஓட்டுல ஒழுகும். அதையும் சேத்துக்கிடும்.”

தாஜ் முகம்மது எல்லாவற்றையும் மனதில் நிறுத்திப் பார்த்தார். எனாமல் மரத்தை மறைக்கும், பிறகு எண்ணெயில் இளகும். வார்னிஷ் காய நாளாகும். ஆனிக் காற்று வாய்க்கால்கரை மண்ணையெல்லாம் அள்ளி அதன் மேல் ஒட்டிவிடும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கிற பாலிஷ் தேய்த்த கையோடு காயும், ஊறிய எண்ணெயை மேலே ஏறவிடாது, தேக்கின் ரேகையையும் எடுத்துக்காட்டும். தண்ணீர் தேங்கினால்தான் வெளுக்கும். மேலே மெழுகு தேய்த்து, விழ விழத் துடைத்தால் தாங்கும். பாலிஷ்தான் என்று முடிவு செய்தார்.

எண்ணெய் இலேசில் இறங்கவில்லை. தின்னர் வைத்துத் துடைத்தார். எண்ணெயை உறிஞ்சச் சாக்குக்கட்டிப் பொடியைப் பரப்பி மூட்டை கட்டி வைத்தார். மறுநாள் வெயிலில் வைத்ததும் பலகை மறுபடி வேர்த்தது. வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி சபீதா தலையை நிமிர்த்தவில்லை.

“மண்டையில எண்ணெய் இறங்க என்ன போடுவாங்க? சீயக்காய்தானே?”

“இது மரம் புள்ள.”

“எண்ணெய் மண்டை எண்ணெய்தானே?”

சீயக்காய் குழைத்துப் பூசி, இரண்டு முறை கழுவி, நிழலில் உலர்த்திய பிறகு பலகை வேர்க்கவில்லை. அதன் பிறகு உப்புத்தாள், முதலில் சொரசொரப்பானது, பிறகு மென்மையானது. அதன் பிறகு அரக்கு. பஞ்சு பொதிந்த துணி உருண்டையை எட்டுப் போடுவதுபோல் ஓட்டி ஓட்டி, திங்கட்கிழமை மதியம் நாற்காலி முழுதும் தேன் நிறத்தில் நின்றது. மெழுகு மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் மாரிக்கண்ணு வந்தார். யாருக்கோ வீட்டுச் சவரம் செய்துவிட்டு வருகிற வழி. பைக்குள் எதையோ திருகி மூடியபடியே வந்தவர், நாற்காலியைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

“பாய்! இது நம்ம நாற்காலிதானா?” என்று கைப்பிடியைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்க முயன்றார். சின்னச் சத்தத்தோடு அது பிய்ந்து வந்தது. “இதென்ன, கைய விட மாட்டேங்குது? என் மேல இவ்வளவு பிரியமா இதுக்கு?”

தாஜ் முகம்மது சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். ஐந்து விரலும் தேக்கின் மேல் பதிந்திருந்தன. கட்டைவிரலின் ரேகையைக்கூட எண்ணலாம்.

“கையில என்ன வே?”

“ஒண்ணுமில்ல. லோஷன் பாட்டில் மூடி சரியில்ல, பைக்குள்ள ஒழுகிட்டு.”

“லோஷன் எதுக்கு?”

“நல்லா கேட்டீரு போங்க! சவரம் முடிஞ்சா கன்னத்துல தட்டுவோம்லா. கையில ஊத்தி ரெண்டு தட்டு. பாதி கன்னத்துல, பாதி நாற்காலியில.”

பாட்டிலை வாங்கி முகர்ந்தார் தாஜ் முகம்மது. எலுமிச்சை வாசனையை நீக்கிவிட்டால், பெஞ்சுக்கு அடியில் இருந்த அவருடைய ஸ்பிரிட் டின்னின் வாசனை. அரக்கைக் கரைப்பது எதுவோ அதுவே அரக்கின் மேல் தினமும் விழப்போகிறது.

“இத ஏன்வே அன்னைக்குச் சொல்லல?”

“உமக்குத் தெரியாதுன்னு நான் என்ன கண்டேன்? லோஷன் தெரியாத ஆம்பள இந்த உலகத்துல உண்டா?”

உண்டு. அரும்பிய நாளிலிருந்து தாஜ் முகம்மது கன்னத்தில் கத்தி பட்டதில்லை. தாடியின் ஓரத்தைச் சபீதாதான் கத்தரிக்கோலால் ஒதுக்கிவிடுவாள். தண்ணீரைக் கேட்டார், எண்ணெயைக் கேட்டார், வெற்றிலை எச்சில்வரை கேட்டார். சவரக் கடைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. வாசலில் சபீதாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“சிரி புள்ள, நல்லா சிரி” என்று கடைசியில் அவரும் சிரித்தார்.

மாரிக்கண்ணுவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “வியாழக்கிழமை மாப்பிள்ளை வந்துருவான் பாய். லோஷன் போடாம விட்டுரட்டுமா?”

“எதுக்கு விடணும்? உம்ம தொழிலுக்குத்தான் நாற்காலி. நாளைக்குச் செவ்வாக்கிழமை, கடை லீவுதானே? பொட்டியத் தூக்கிட்டு வாரும். உள்ள இருக்கது ஒண்ணு விடாம வேணும்.”

கொட்டகைச் சுவரில் கம்பி கட்டி, விதவிதமாகப் பூசிய மாதிரிப் பலகைகளைத் தாஜ் முகம்மது வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். அதில் இல்லாதது ஒன்றுதான். இரும்புச்சாமான் கடைக்காரர் பழகிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த மெலமைன் என்ற நிறமில்லாப் பூச்சு. பெரிய டப்பாவும் சின்ன டப்பாவும் கலந்து பூச வேண்டும். மூடியைத் திறந்ததுமே கண் எரிந்ததால், ‘அழுகாச்சி பெயிண்ட்’ என்று பெயர் வைத்துத் தள்ளிவைத்திருந்தார். பெரியது பரணில் தூசியேறிக் கிடந்தது. சின்னதைத் தேடினால் காணோம். பீடி இலை பறக்காமல் இருக்கச் சபீதா வைத்திருந்த பாரம் அதுதான். கலந்து ஒரு பலகையில் பூசிக் காய வைத்தார்.

மறுநாள் காலை நான்கு பலகைகள் பெஞ்சின் மேல் வரிசையாகக் கிடந்தன. மாரிக்கண்ணு துண்டை உதறினார்.

“என்ன செய்யணும்?”

“சவரம் செய்யும்.”

“பலகைக்கா?”

“மாப்பிள்ளைக்கு எப்படிச் செய்வீரோ அப்படி. ஒண்ணு குறையக் கூடாது.”

மாரிக்கண்ணு முதலில் வெட்கப்பட்டார். பிறகு கை பழக்கத்துக்கு வந்துவிட்டது. பலகைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்தார். தண்ணீர் தெளித்தார். பிரஷ்ஷைச் சுழற்றி நுரை கூட்டினார். கத்தியின் முதுகால் வழித்தார். படிகாரம் தேய்த்தார். உள்ளங்கையில் லோஷன் ஊற்றி, பலகைக்கு இரண்டு தட்டு. பவுடர். கடைசியில் வாய் தானாகக் கேட்டது: “மீசைய ஒதுக்கணுமா அண்ணாச்சி?”

சபீதா பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து ஓடினாள்.

பாலிஷ் பலகை லோஷன் பட்ட இடத்தில் பிசினாகிப் பவுடரைப் பிடித்துக்கொண்டது. எனாமல் லோஷனைத் தாங்கியது. ஆனால் அடியில் தேக்கு இருந்தால் என்ன, புளியமரம் இருந்தால் என்ன? எண்ணெயில் அது இளகியதன் தடம் மாரிக்கண்ணுவின் வாடிக்கைக் கழுத்துகளில் இருந்தது. வார்னிஷ் குறை சொல்ல முடியாதபடி தாங்கியது. ஆனால் அந்தப் பலகை காய்ந்து இறுக ஒரு வாரம் எடுத்திருந்தது. மெலமைன் பலகையைத் துணியால் துடைத்தார் தாஜ் முகம்மது. எதுவும் நடக்காததுபோல் அது கிடந்தது. நகத்தால் கீறினார். மறுபடி லோஷன் ஊற்றி, ஒரு டீ குடித்து வந்து துடைத்தார். அப்படியேதான் கிடந்தது.

“அழுகாச்சிதான் ஜெயிச்சுது” என்றார்.

ஸ்பிரிட்டால் பாலிஷைக் கழுவி இறக்கினார். தலைப்பலகையில் மட்டும், மிஞ்சிய எண்ணெய் மேலே வராமல் தடுக்க, அரக்கை மெல்லிய படலமாக அடியில் விட்டுவைத்தார். சாக்கைத் தொங்கவிட்டுக் காற்றை மறித்து, கண்ணில் நீர் வழிய வழிய மெலமைனை மெலிதாகப் பூசினார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு மீண்டும் பூசினார். புதன்கிழமை மாரிக்கண்ணு வந்தபோது, வந்த பளபளப்பைத் தண்ணீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் தாஜ் முகம்மது மங்கவைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ பாய்! எதிர்த்த கடையில கண்ணாடி மாதிரி மினுங்குது. இத ஏன் கெடுக்குதீரு?”

“உம்ம கடையில முன்னால ஒரு கண்ணாடி, பின்னால ஒரு கண்ணாடி, மேல டியூப் லைட்டு. எல்லாம் சேந்து இதுல பட்டு உம்ம கண்ணுல அடிச்சா, கத்தி எங்கன போவும்?”

மாரிக்கண்ணு தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

வியாழன் காலை நாற்காலி மூன்று சக்கரத் தட்டுவண்டியில் குறுக்குத்துறை வழியாக டவுனுக்குப் போனது. தாஜ் முகம்மது சைக்கிளில் பின்னால் வந்தார். தலைப்பலகையை மட்டும் வண்டியில் ஏற்றவில்லை. சபீதாவின் பழைய துப்பட்டியில் சுற்றி, தோளில் மாட்டியிருந்தார்.

கடை வாசலில் ஞானசம்பந்தனும் குருபிரசாத்தும் கூட வந்தவர்களும் நின்றிருந்தார்கள். நாற்காலியை இறக்கி வைத்ததும் ஞானசம்பந்தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, முதுகுப்பக்கம் அழுத்தித் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

“இருங்க அண்ணாச்சி” என்று மாரிக்கண்ணு லோஷன் பாட்டிலைக் கைப்பிடியில் கவிழ்த்தார்.

“ஏ, என்னவே செய்யுதீரு! புது நாற்காலியில!”

“பழைய நாற்காலிதான். புதுசுக்கு இப்படிச் செய்வேனா?” அவர் துடைத்துக் காட்டினார். தேக்கின் ரேகை, கலங்காமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

குருபிரசாத் எதிர்ச்சாரிக் கடையை ஒரு முறை பார்த்தான். பிறகு வந்து உட்கார்ந்தான். இரண்டு கையையும் கைப்பிடிகளில் வைத்து மெதுவாகத் தடவினான். எடுக்கவில்லை.

“சாய்மானம் எங்க?” என்றான்.

தாஜ் முகம்மது துப்பட்டியைப் பிரித்தார். தலைப்பலகையை இரண்டு கையாலும் மாரிக்கண்ணுவிடம் நீட்டினார். மாரிக்கண்ணு துண்டில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, அதை வாங்கி, நாற்காலி முதுகின் பள்ளத்தில் இறக்கினார். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.