உறை போட்ட இறால்

ஜெய்னம் அக்கா போய்விட்டார் என்று அவருடைய கணவர் ராஜபாளையத்திலிருந்து போன் செய்தார். கல்லூரியில் அவரோடு வேலை பார்த்து, இன்று அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களுக்கு அவர் துணிச்சல்காரர். அவர் பயந்து நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தோம். தூத்துக்குடியிலிருந்து ஐஸில் வரும் இறாலில் நல்ல பாக்டீரியாவைக் கலந்து, பிரிட்ஜில் எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. பாக்டீரியா என்றால் நாங்கள் முகம் சுளிப்போம் என்று அதற்கு 'உறை' என்று பெயர் வைத்திருந்தார். "உறைமோரு மாதிரிதாம்ட்டி. நல்லது எடத்தப் பிடிச்சுக்கிட்டா கெட்டதுக்கு எடம் ஏது?" என்பார்.

கல்லூரி பிரிட்ஜ் பழுதானதால் உறை போட்ட இறால் டப்பா ஒன்றைத் தன் வீட்டு பிரிட்ஜில் கொண்டுவந்து வைத்தார். காம்பவுண்டுக்கே அந்த ஒரு பிரிட்ஜ்தான். எங்கள் மீனும் இறாலும் அதில்தான் இருக்கும். அன்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. என் மதினி எங்கள் டப்பா என்று நினைத்து அதை எடுத்து, மோந்து பார்த்து, நாறவில்லை என்று குழம்பு வைத்துவிட்டார். எங்கள் ஊரில் மூக்குதான் கணக்கு. என் மகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கல்லூரியிலிருந்து வந்த அக்கா குழம்புச் சட்டியையும் தன் காலி டப்பாவையும் பார்த்ததும் வெளிறிப்போனார். "கெட்டுப்போச்சுன்னா நாத்தந்தான் சொல்லும். இந்த உறை அந்த நாத்தத்தையே அமுக்கிரும். வேக வச்சா கிருமி சாகும், அது கக்குன விஷம் சாகுமா?"

"பிள்ளைக்கு ஏதும் ஆயிருமாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியல. பக்கத்துலயே இருக்கேன்."

பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தான் கலந்தது அத்தனையையும் அக்கா டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னார். பிள்ளை ஒருமுறை வாந்தி எடுத்தாள். அக்காவின் விரல்கள் ஐஸாக இருந்தன. பொழுது விடிந்தபோது மகள் பசிக்கிறது என்றாள். நாங்கள் இருவரும் அழுதோம்.

'நாறலங்கிறது பதில் இல்ல' என்று வகுப்பில் சொல்வாரே, அது எங்கள் அடுப்படியில் பிறந்தது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அக்கா, "பொழச்சுக்கிருவனா ராஜி?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவரிடம் அந்தப் பொய் செல்லாது.

"தெரியலக்கா. பக்கத்துலயே இருக்கேன்."

என் கையை இறுக்கிக்கொண்டார்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த இரண்டு வரிதான். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. எனக்கு அதைச் சொல்ல அக்கா இல்லை.